வாவிக்கரையின் ஆண்டு வட்டம்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாகவே கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. கரைகளுக்குச் சூரியன் எழும் திசையாலும் படும் திசையாலும் பெயரிட்ட இம்மக்கள் தம் ஆண்டையும் வானத்தையும் நீரையும் பார்த்தே வகுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய விழாக்கள் எந்த மாதத்தில் நெருங்கி வருகின்றன, எந்த மாதத்தில் ஓய்கின்றன என்பதைக் கவனித்தால், பஞ்சாங்கத்துக்கு அடியில் பழைய ஆண்டு ஒன்று இருப்பது தெரியும். அதற்கு மாரி, கோடை என்று இரண்டே பருவங்கள்.

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பும்போது மாரி தொடங்குகிறது. ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி அதிலிருந்து தை வரையான மாதங்களிலேயே கொட்டிவிடும். வாவி நிறைந்து தாழ்ந்த வயல்களுக்குள் ஏறும். முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல்திட்டு தானாக உடையும், உடையாவிட்டால் வெட்டிவிடுவார்கள். பெரும்போக நெல் இந்த மழையை நம்பி விதைக்கப்பட்டு, தை பிற்பகுதி முதல் பங்குனி வரை வெட்டப்படும். பிறகு கச்சான் காற்றின் காலம். மேற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் இந்தக் காற்றில் ஈரமில்லை. நிலம் காய்ந்து, குளங்கள் வற்றி, வெக்கை ஆவணி வரை நிற்கும். கடல் மட்டும் இந்த மாதங்களில் அமைதியாக இருக்கும். மேற்குக் கரையில் தொழில் நடக்காத அந்தக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்க மீனவர்கள் கிழக்கே வந்து வாடி அடித்துத் தங்குவதும், வாவியின் பாடும் மீன்களைக் கேட்கப் பூரணை இரவுகளில் மக்கள் தோணியில் போவதும் இக்காலத்தில்தான்.

மாடுகளுக்கும் இதே கணக்கு உண்டு. வயல் விதைத்ததும் பட்டிகள் படுவான்கரையின் எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோகப்படும். வெட்டு முடிந்ததும் அரிதாள் மேயத் திரும்பி வரும். ஆண்டை இரண்டாகப் பகுக்க மழையும் நெல்லும் மட்டுமல்ல, மந்தையின் இந்தப் போக்குவரவும் ஒரு காரணம்.

இது வாவிக்கரைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் வாழ்ந்த கெல்டிய மக்களும் ஆண்டை இரண்டாகவே கண்டார்கள். இடைக்கால ஐரிஷ் நூல்கள் நான்கு பருவ விழாக்களைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன: நவம்பர் முதல் நாளில் சாவின், பெப்ரவரியில் இம்போல்க், மே முதல் நாளில் பெல்டனே, ஆகஸ்டில் லூனசா. இவற்றில் ஆண்டைப் பிளப்பவை சாவினும் பெல்டனேயும்தான். மே மாதத்தில் மந்தைகளை இரண்டு தீக்குண்டங்களுக்கு இடையே ஓட்டிக் கோடை மேய்ச்சலுக்கு அனுப்பினார்கள். நவம்பரில் அவற்றை வீட்டுக்குத் திருப்பினார்கள். அங்கே பகை குளிர், இங்கே பகை வெக்கை. இரு இடங்களிலும் ஆபத்தான பாதி தொடங்கும் வாசலில்தான் தெய்வத்தை அழைத்தார்கள்.

இந்த இரண்டு பருவ ஆண்டின் மேல் பஞ்சாங்கம் பிற்காலத்தில் வந்து அமர்ந்தது. தமிழ் மாதம் சூரியனுக்கு உரியது. சூரியன் ஒரு இராசியிலிருந்து அடுத்ததற்குப் பெயரும் நேரமே மாதப் பிறப்பு. விழா நாளைக் குறிப்பதோ சந்திரன்: பூரணை, அமாவாசை, இடையிலுள்ள திதிகள், கூடவே நட்சத்திரம். வைகாசிப் பூரணை, ஆடி அமாவாசை, ஆவணித் தீர்த்தம் என்ற பெயர்கள் எல்லாம் சூரிய மாதத்துக்குள் சந்திர நாளைத் தேடுபவை. சந்திர மாதம் இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தாலும் ஆண்டுக்குப் பதினொரு நாள் குறையும். அதனால் சில ஆண்டுகளில் ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு பூரணை விழும். அப்போது எதைக் கொள்வது என்ற கேள்வி எழும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களைக் கைக்கொள்ளும் கோயில்கள் சில வேளை வெவ்வேறு நாளில் கொடியேற்றுவதும் உண்டு.

சூரியனையும் சந்திரனையும் இணைக்கும் இந்தச் சிக்கல் கெல்டியருக்கும் இருந்தது. 1897இல் கிழக்குப் பிரான்சின் கொலின்யி என்ற ஊரில் உடைந்த வெண்கலத் தகட்டுத் துண்டுகள் கிடைத்தன. உரோம எழுத்தில், கோலிய மொழியில் பொறிக்கப்பட்ட நாட்காட்டி அது. ஐந்து ஆண்டுகளுக்கு 62 மாதங்கள். அவற்றில் இரண்டு, கணக்கை நேராக்கச் செருகப்பட்ட மிகை மாதங்கள். ஒவ்வொரு மாதமும் இரு பாதியாகப் பிரிகிறது. நல்ல மாதம், ஆகாத மாதம் என்ற குறிப்பும் உண்டு. இந்தியாவின் வேதாங்க சோதிடமும் ஐந்து ஆண்டு யுகத்துக்கு 62 சந்திர மாதமே கொள்கிறது. இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு இரு மக்களையும் உறவாக்கத் தேவையில்லை. சூரியனையும் சந்திரனையும் ஒன்றாகக் கட்ட முயலும் எவரும் இந்த எண்ணுக்கு அருகிலேயே வந்து நிற்பார்கள். ஆயினும், எழுத்திலிருந்த கெல்டியக் கணக்கு உரோமரோடு மறைந்து மண்ணுக்கடியில் துண்டுகளாகக் கிடைத்தது. வாவிக்கரையில் அதே வகைக் கணக்கு இன்றும் கோயில் நோட்டீஸில் அச்சாகிறது.

சித்திரை முதல் நாள் சூரியன் மேட இராசிக்குள் போகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இது இரவும் பகலும் சமமாகும் வசந்த நாளோடு பொருந்தியிருந்தது. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் ஆண்டு, பருவங்களை வைத்து அளக்கும் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளமானது. அந்தச் சிறு மிச்சம் சேர்ந்து சேர்ந்து, சமநாளான மார்ச் 20, 21இலிருந்து வருடப்பிறப்பு ஏப்ரல் 14 வரை நகர்ந்துவிட்டது. எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் இன்னும் நகர்கிறது. ஆனால் மட்டக்களப்பில் இந்த நகர்வால் வேறொரு பொருத்தம் வாய்த்தது. புவியில் இந்த ஊர் இருக்கும் இடத்துக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்பது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில். ஆகவே இக்காலத்து வருடப்பிறப்பு, நடுப்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கும் நாட்களை ஒட்டியே வருகிறது. களஞ்சியத்தில் நெல், தலைக்கு மேலே சூரியன். இந்த ஊருக்கு இதைவிடப் பொருந்திய புத்தாண்டு நாள் அமைவது கடினம்.

சிங்களவரும் தமிழரும் ஒன்றாகக் கொண்டாடும் இந்த நாளில் மருத்துநீர் வைத்து நீராடல், கைவிசேஷம், உறவினர் வீடு போதல் என்பன இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் பொது. ஊஞ்சல், போர்த்தேங்காய் அடித்தல், மகிடிக் கூத்து என்பன கிராமத்துக்கு உரியவை. தைப்பொங்கலோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தை முதல் நாளில் வாவிக்கரை வயல்களில் கதிர் பெரும்பாலும் முற்றியிருக்காது. மழையும் முழுதாக விட்டிருக்காது. பட்டிகள் தூரத் தரைகளில் நிற்கும். பொங்கலும் பட்டிப்பொங்கலும் குறைவின்றிக் கொண்டாடப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் ஊர் முழுவதும் கைவேலையை விட்டு இரவிரவாக விழித்திருக்கும் காலம் பொங்கலோடு வருவதில்லை. அது நெல் வீட்டுக்கு வந்தபின், சித்திரையிலும் வைகாசியிலும் வருகிறது.

அந்தக் காலத்தின் உச்சம் கண்ணகி அம்மன் சடங்கு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர் எனக் கரை நெடுகிலும் கண்ணகிக்குக் கோயில்கள் இருக்கின்றன. ஆகம முறைக் கோயில்களைப் போல இவை நாள்தோறும் பூசை நடக்கும் இடங்களல்ல. பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். கதவு திறத்தலில் தொடங்கி, மரக்கிளை வெட்டி வந்து கல்யாணக்கால் நட்டு, புதுநெல் குற்றிப் பொங்கி, பூரணையை ஒட்டிய நாளில் குளிர்த்தியோடு முடியும். பூசை செய்பவர் கப்புகனார். நிருவாகம் வண்ணக்கர் கையில். கடமைகள் தாய்வழிக் குடிகளுக்குப் பங்கிடப்பட்டவை. சடங்கு நாட்களில் ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படும். யாழ்ப்பாணத்தில் ‘கோவலனார் கதை’ என்றும் வன்னியில் ‘சிலம்பு கூறல்’ என்றும் வழங்கும் இந்தக் காவியத்தைப் பண்டிதர் வீ. சி. கந்தையா 1968இல் பதிப்பித்தார்.

குளிர்த்தியின் பொருள் வெளிப்படையானது. மதுரையை எரித்த சினம் அடங்காமல் வந்தவளை ஆயர்குலப் பெண்கள் வெண்ணெய் பூசிக் குளிர்வித்தார்கள் என்பது இங்குள்ள கதை. சடங்கில் குளிர்த்திப் பாடல் பாடி, வேப்பிலை இட்ட நீரை அம்மனுக்கும் கூடியிருப்பவர்களுக்கும் தெளிப்பார்கள். வைகாசி வெக்கை தொடங்கி ஏறும் மாதம். கிணறு தாழ்ந்து, அம்மாள் வருத்தம் என்று அழைக்கப்பட்ட அம்மை பரவிய காலம் அது. பெரியம்மைக்கு மருந்தில்லாத நூற்றாண்டுகளில் எரிந்த ஊரும் எரியும் உடம்பும் காயும் நிலமும் ஒரே சூட்டின் மூன்று தோற்றங்களாகவே தெரிந்திருக்கும். மூன்றையும் ஒரு செம்பு நீரால் ஆற்றும் சடங்கு இது. மதுரை எரிந்ததைச் ‘சிலப்பதிகாரம்’ ஆடி மாதத்தில் வைக்கிறது. வாவிக்கரை மக்கள் அவளைக் குளிர்விப்பதற்கோ வைகாசியைத் தேர்ந்துகொண்டார்கள். காவியத்தின் மாதம் ஒன்று, காலநிலையின் மாதம் இன்னொன்று. சடங்கு காலநிலையின் பக்கம் நின்றது.

இந்த வழிபாடு எப்படி இங்கு வந்தது என்பதற்குக் கயவாகு மன்னனைச் சொல்வார்கள். பத்தினியாகிய கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகுவும் இருந்தான் என்று ‘சிலப்பதிகாரம்’ கூறுகிறது. அவனை இரண்டாம் நூற்றாண்டுக் கஜபாகுவாகக் கொள்வது மரபு. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினித் தெய்வ ஆய்வில் இந்தக் கதையை வரலாறாக ஏற்கவில்லை. கேரளப் பகுதியிலிருந்து பல காலம் பலராகக் குடியேறியவர்களோடு வழிபாடு வந்தது என்றே கருதினார். மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறையும் முக்குவர் மரபும் கேரளக் கரையை நினைவூட்டுவதால் அந்தக் கருத்துக்கு வலு கூடுகிறது. ஒரு மன்னன் ஒரு நாளில் கொண்டுவந்து வைத்த விழா, ஊர் ஊராக இவ்வளவு வேறுபட்ட முறைகளோடு நிலைத்திருப்பது அரிது.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் காலத்துச் சைவ எழுச்சி கண்ணகியைச் சமணப் பெண்ணாகக் கண்டு ஒதுக்கியது; அங்கே பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. அயர்லாந்தில் இம்போல்க் நாள் புனித பிரிஜித்தின் திருநாளாக மாறியதும் இந்த வகையே: நாள் நின்றது, பெயர் மாறியது. மட்டக்களப்பில் பெயரும் மாறவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். அவர் பிறந்த ஊரே கண்ணகியின் ஊர்.

கண்ணகியோடு சேர்ந்த இன்னொரு பழைய வழக்கம் கொம்புமுறி. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வைர மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று மாட்டி, வடம் கட்டி இரு பக்கமும் இழுக்க, ஒரு கொம்பு முறியும்வரை விளையாட்டு நடக்கும். வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடுவதும் விளையாட்டின் பகுதி. மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் இதை நடத்தினார்கள். சிங்களக் கிராமங்களின் அங்கெலியவும் இதே போட்டிதான். அங்கும் ஒரு பக்கம் பத்தினியுடையது, மறுபக்கம் அவள் கணவன் பாலங்கனுடையது. மொழி எல்லையைத் தாண்டி ஒரே கொம்பை இரு மக்களும் இழுத்திருக்கிறார்கள் என்பது இலங்கை வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. வைகாசிப் பூரணையும் அப்படியே. சில ஆண்டுகளில் அது பௌத்தர்களின் வெசாக், சில ஆண்டுகளில் பொசன்.

வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் இந்தப் பருவத்துக்கு உரியவை. வேலை ஓய்ந்த மாதங்களில் பழகி, சித்திரை, வைகாசியில் வட்டக் களரியில் விடியவிடிய அரங்கேற்றுவார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் சுருக்கி அளித்தபோது கூத்து தன் மாதத்தை விட்டு வெளியே வந்தது. பேராசிரியர் சி. மௌனகுருவின் ஆய்வுகள் அது எந்தச் சடங்குச் சூழலில் வளர்ந்தது என்பதைப் பதிவு செய்திருக்கின்றன.

ஆடியும் ஆவணியும் யாத்திரைக் காலம். ஆறுகள் வற்றிக் காட்டு வழி திறந்திருப்பதால் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை வழியாகத் தெற்கே செல்வார்கள். ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தக்குளத்திலும் திருக்கோவில் கடலிலும் தந்தையரை நினைத்துத் தீர்த்தமாடுவார்கள். ஆவணிப் பூரணையில் மண்டூர் முருகன் தீர்த்தம். மண்டூரில் திரைக்குப் பின்னால் வாய்கட்டி நடக்கும் பூசை கதிர்காம முறையைச் சேர்ந்தது. கொக்கட்டிச்சோலைத் தேரும் கோடையின் கடைசிக் காலத்தில் ஓடுகிறது. தேசத்துக் கோயில்கள் எனப்படும் இவற்றின் விழா, ஒரு ஊருக்குரியதன்று; ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு ஊருக்கும் குடிக்கும் பங்கு. வழக்கு மன்றம் வரை போகக்கூடிய உரிமை அது.

புரட்டாசியில் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் சடங்கு. பாரதப் போரின் கணக்கில் 18 நாள். பாண்டவர் வேடம் தாங்கியவர்கள் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலை ஏறுவான், கடைசியில் தீமிதிப்பு. தாதன் என்பவர் இந்தியாவிலிருந்து வந்து இதை நிறுவினார் என்பது ஊர் மரபு. தீ மிதிக்கும் நாளுக்கும் முதல் மழைக்கும் இடையே சில வாரங்களே. வனவாசம் முடிந்து நாடு திரும்பும் கதை, கோடை முடிந்து வயலுக்குத் திரும்பும் மாதத்தில் நடிக்கப்படுகிறது. அதன்பின் தீபாவளி, கந்தசட்டி, கார்த்திகை விளக்கீடு, திருவெம்பாவை என மாரி மாத விழாக்கள் வீட்டுக்குள்ளும் கோயில் மண்டபத்துக்குள்ளும் அடங்கிவிடும்.

இதே கரையோரத்தில் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்களின் ஆண்டு வேறு விதமாகச் சுழல்கிறது. ஹிஜ்ரி ஆண்டில் மிகை மாதம் இல்லை. ஏறத்தாழ 33 ஆண்டில் ஒவ்வொரு பெருநாளும் மாரி, கோடை இரண்டையும் கடந்து வந்துவிடும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நடக்கும் கொடியேற்றம் ஒரு காலத்தில் வெள்ளத்திலும் இன்னொரு காலத்தில் கச்சான் காற்றிலும் வரும். ஆனால் அந்த ஊர்களின் வேளாண்மை மற்ற எல்லோருடையதையும் போல வாடைக்காற்றுக்கே கட்டுப்பட்டது. தொழுகைக்கு ஒரு நாட்காட்டி, விதைப்புக்கு இன்னொன்று என்று இரண்டையும் தடுமாற்றமில்லாமல் நடத்துகிறார்கள். கத்தோலிக்கர்கள் கூடும் ஆயித்தியமலை மாதா திருவிழா செப்டெம்பரில், மழைக்கு முந்திய யாத்திரைக் காலத்திலேயே அமைந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டு இந்த ஒழுங்கைப் பல பக்கமிருந்து அசைத்தது. 1966 முதல் 1971 வரை இலங்கை அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு கால்களை ஒட்டிய போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. வாரத்தின் நீளமே மாறி மாறி வந்த அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பூரணை விடுமுறை மட்டும் தங்கியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் சேனநாயக்க சமுத்திரமும் இதைவிட ஆழமான மாற்றத்தைச் செய்தன. வாய்க்கால் நீர் வரும் வயல்களில் சிறுபோகம் உறுதியாயிற்று. அதன் விதைப்பு வருவது சித்திரை, வைகாசியில். வெட்டுக்கும் விதைப்புக்கும் நடுவே இருந்த நீண்ட ஓய்வு, சடங்கையும் கூத்தையும் தாங்கிய ஓய்வு, அந்த வயல்களில் குறுகியது. 1961இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது பாண்டிருப்பும் காரைதீவும் தம்பிலுவிலும் அம்பாறைக்குள் போயின. நிருவாக எல்லை மாறினாலும் குடியின் பங்கு மாறவில்லை.

போர்க்காலத்தில் இரவு முழுவதும் கூடியிருக்கும் விழாக்களே முதலில் நின்றன. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருக்க, வாவித் துறைகள் சோதனைச் சாவடிகளாயின. கொக்கட்டிச்சோலைக்குத் தோணியிலும், பாதை எனப்படும் மிதவையிலும் கடந்துபோன நிலை 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோதுதான் முடிந்தது. குளிர்த்தி பெரும்பாலான ஊர்களில் மீண்டும் முறையாக நடக்கிறது. கொம்புமுறி அப்படித் திரும்பவில்லை. கொம்பு தேடவும் கட்டவும் அறிந்தவர்கள் குறைந்து, விழா அரங்குகளில் எப்போதாவது காட்டப்படும் நிகழ்ச்சியாகிவிட்டது.

இழப்புகள் புதிய நாட்களையும் ஆண்டுக்குள் கொண்டுவந்தன. 1978 நவம்பர் 23, 24இல் வீசிய சூறாவளி, முதியவர்கள் பிறந்த ஆண்டையும் மணந்த ஆண்டையும் கணிக்கும் எல்லைக்கல்லானது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, டச்பார் உட்பட எழுவான்கரை நெடுகிலும் அடித்தது. அன்று பூரணை. இறந்தவர்களுக்குக் குடும்பங்கள் வீட்டில் கொடுக்கும் திவசம் அந்தத் திதியைப் பின்தொடர்ந்து ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் வருகிறது. நினைவுத் தூபிகளில் எல்லாச் சமயத்தவரும் கூடும் அஞ்சலி டிசம்பர் 26இலேயே நிற்கிறது.